ராஜையா நினைவு போல்ட்டு

— அப்போ ராஜையாவ வெளிய எடுத்துப் போடப்போறே. அப்படித்தானே?

— ராஜையாவ இல்ல கைக்காரரே. போல்ட்ட.

— ரெண்டும் ஒண்ணுதாம்லே சஜி. அதுல அவருக்க பேரு கொத்தியிருக்கு.

— பேரு கொத்தினா போல்ட்டு மனுசன் ஆயிருமா? இது ஹெட்டு போல்ட்டாக்கும். இஞ்சினுக்க தலைய ஒடம்போட சேத்துப் பிடிச்சு வைக்கது. பத்து உண்டு, பத்தையும் மாத்தணும். நான் போன்லயே சொன்னேன்.

— நீ சொன்னத அப்படியே சபைக் கமிட்டியில வச்சேன். பெரிய விவாதம். நாலு பேரு எறங்கிப் போனாவ.

— போல்ட்டுக்கா?

— நினைவுச் சின்னத்துக்கு. போன தடவ சபை வண்டிக்க இஞ்சினக் கழத்தி அழிச்சுப் பணிதப்போ சபையில சல்லிக்காசு இல்ல. நாந்தான் யோசன சொன்னேன். பத்து போல்ட்டு, பத்து குடும்பம். ஆளுக்கு ஒண்ணு, வீட்டுல செத்தவியளுக்க நினைவா. ஒரே ஞாயிறாழ்ச்சையில காரியம் முடிஞ்சுது.

— ஃபேனுக்க எறகுல பேரு எழுதுத சபையில்லியா.

— எழுதினா என்னலே? குடுத்தவனுக்க பேரு வேண்டாமா?

— வேணும் வேணும். ஜெனரேட்டர் பாக்க வந்தப்போ நானே கண்டேன். ஃபேன், பெஞ்சு, மைக்கு, மணிக்க நாக்கு, எல்லாத்துலயும் ஒரு பேரு. பேரில்லாம கெடந்தது சபை அச்சனுக்க செருப்பு மட்டும்.

— அதுக்கும் ஒரு குடும்பம் கேட்டிருக்கு. கமிட்டியில பரிசீலனையில இருக்கு.

— செரி, போல்ட்டுக்குக் கமிட்டி என்ன சொல்லுது?

— ஒம்பது குடும்பம் சம்மதிச்சாச்சு. புதுசு போடலாம், பேரு மறுபடி கொத்தணும், அவ்வளவுதான். பொருளாளர் மட்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்தாரு. போன தடவ அவருக்க அப்பன ஒம்பதாவதாத்தான் முறுக்கினாவளாம். இந்தத் தடவ முதல்ல முறுக்கணுமாம்.

— நீங்க தந்த லிஸ்டுல அவருக்க அப்பன் மூலையிலயாக்கும் இருக்காரு. நடுவுல தொடங்கி, மாறி மாறி வெளிய கொண்டுபோயி முறுக்கணும். மூலையில தொடங்கினா ஹெட்டு கோணிப்போவும்.

— இத நான் அவருகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?

— அப்பனுக்க பேர நடுவுல உள்ளதுல கொத்திருங்க. செத்தவருக்கு எடம் மாறினது தெரியவா போகுது?

— செத்தவருக்குத் தெரியாது. நடுவுல இருக்கது பழைய செக்ரட்டறிக்க அம்மையாக்கும். அவன் உயிரோட உண்டு.

— அப்போ ஒம்பது ஆச்சு. பத்தாவதுக்கு என்ன?

— பத்தாவது புஷ்பபாய் டீச்சரக் கெட்டின மாப்பிள, ராஜையா. அதத் தொடக்கூடாது.

— அங்கன்வாடி டீச்சரா? அவிய அப்பிடிச் சொன்னாவளா?

— அவிய சொல்லாண்டாம். எனக்குத் தெரியும். நீ நம்ம சபையில்ல, அதுனால ஒனக்கு அந்தச் சாட்சி தெரியாது.

— என்ன சாட்சி? கேசு ஏதும் உண்டா?

— எலே, கோர்ட்டுச் சாட்சி இல்ல. தெய்வம் நமக்குச் செஞ்சத சபை நடுவுல எழும்பி நின்னு சொல்லுதது. ஒருக்க டாப்பெட் பாக்கதுக்கு வால்வு மூடிய தொறந்தோம். ஒம்பது போல்ட்டுலயும் எழுத்து மழுங்கி, அப்பன் ஆரு அம்மை ஆருண்ணு தெரியல்ல. ராஜையா மட்டும் நேத்து கொத்தினது மாதிரி மின்னிட்டுக் கெடந்தாரு. டீச்சர் அந்த வருசத்துக் கன்வென்ஷன்ல எழும்பினாவ. "எனக்க மாப்பிள போனாலும் என்ன விட்டுட்டுப் போகல்ல, அந்த இஞ்சினுக்குள்ள நிக்காரு"ண்ணு சொன்னாவ. பந்தல் முழுக்க அழுகை. பின்ன காரோட்டுலயும் பாறசாலயிலயும் கூப்பிட்டுச் சொல்லவச்சாவ.

— நல்ல காரியம். ஒங்களுக்கு இதுல என்ன?

— நான் சபைக் கைக்காரர். சாவியும் கணக்கும் எங்கிட்ட. அந்த நெலையில...

— காலம்பற தொட்டு மூணு போன் விளிச்சிய. இப்பம் நேர்ல வந்து நிக்கிய. சட்ட வேற புதுசு. ஹெட்டு போல்ட்டு பாக்க ஆராவது வெள்ளச் சட்ட போட்டு வருவாவளா?

— கதவச் சாத்துலே.

— ஒர்க்‌ஷாப்புக்கு ஏது கதவு?

— அப்போ சத்தமில்லாம பதுக்கச் சொல்லுதேன். நான் டீச்சரக் கெட்டலாம்ணு இருக்கேன்.

— அட்றா சக்க! டீச்சர் சம்மதிச்சாச்சா?

— ஞாயிறாழ்ச்சை ஆராதனை முடிஞ்சு கேப்பேன். சம்மதிப்பாவ. அதுல சந்தேகமே இல்ல. வீட்டுக்கு பெயிண்டு அடிச்சாச்சு.

— கேக்கதுக்கு முன்னயா?

— பின்ன, கேட்டுட்டா அடிப்பாவ? இளம்பச்சை. டீச்சருக்கு இஷ்டப்பட்ட நெறம்.

— அவிய சொன்னாவளா?

— அங்கன்வாடிக்கு அந்த நெறந்தானே அடிச்சிருக்கு.

— அது பஞ்சாயத்து அடிச்சது கைக்காரரே.

— நெறம் நெறந்தானே! நீ குறுக்கப் பேசாதே. எனக்க வீட்டுக்காரி போன பிறவு நெனச்ச காரியமாக்கும் இது. கேக்கலாம்ணு ஒவ்வொரு தடவ போவும்போளும் அவிய எங்கியாவது மைக்கு பிடிச்சுச் சாட்சி சொல்லிட்டு நிப்பாவ. நானும் கேட்டு அழுதுட்டுத் திரும்பி வருவேன். ராஜையா உள்ள மின்னிட்டுக் கெடக்கும்போ நான் வெளிய நின்னு என்னத்தக் கேக்க?

— இப்பம் மட்டும் எப்பிடிக் கேப்பிய?

— இப்பந்தான் வழி தொறந்திருக்கு. டீச்சருக்க போல்ட்டு காரியத்துல முடிவெடுக்க கமிட்டி என்னை ஏல்ப்பிச்சிருக்கு. எல்லா போல்ட்டையும் மாத்தினாவ, ராஜையாவ மட்டும் இந்தக் கனகதாஸ் விட்டுக் குடுக்கல்ல. அந்தப் பேரோட நான் போயி நின்னா வேண்டாம்ணு சொல்லுவாவளா? ராஜையாவ பழைய இரும்பு எடுக்க ஆக்கருக்குப் போட்டவன்ணு போயி நின்னா, அந்தப் பச்ச வீட்டுல நான் சாவுததுவர ஒத்தைக்குக் கெடக்கணும்.

— ஒங்க கல்யாணத்துக்கு நான் எதிரில்ல. ஆனா கல்யாணம் உள்ள காரியம் இஞ்சினுக்குத் தெரியாதே.

— எலே, பழைய டீசல் இஞ்சினுக்குப் பழைய போல்ட்டையே திரும்பப் போடலாம்ணு மார்த்தாண்டத்துல ஒரு மேஸ்திரி சொன்னாரு.

— செரியாட்டு சொன்னாரு. இப்பம் வாற வண்டியள்ல பலதுக்கும் ஒரு தடவ முறுக்கினா அந்த போல்ட்டுக்க ஆயுசு தீந்துது. இந்த மாதிரி பழசுக்கு அப்பிடி இல்ல. அளந்து பாக்கணும். நீளல்லேண்ணா, மரை கெடல்லேண்ணா, கழுத்து மெலியல்லேண்ணா தைரியமாத் திரும்பப் போடலாம். நானே எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கேன், ஒண்ணும் திரும்பி வரல்ல.

— அப்போ போடு!

— இதுவ நீண்டுபோச்சு கைக்காரரே. இந்தக் கண்ணாடித் துண்டு மேல ரெண்டையும் நிறுத்துதேன், குனிஞ்சு பாருங்க. இது நெய்யாற்றின்கரையில வாங்கின புதுசு. இது பொருளாளருக்க அப்பன்.

— அப்பன் கொஞ்சம் ஒயரமா இருக்காரு.

— இருக்கக்கூடாது. போல்ட்டுங்கது வெறும் கம்பி இல்ல, ஒரு ஸ்பிரிங்காக்கும். முறுக்கும்போ இம்புடு இழுபடும், பின்ன சுருங்கப் பாக்கும். அந்தச் சுருக்கத்துலதான் ஹெட்டு அமுங்கி நிக்குது. அளவு மீறி இழுபட்டா பின்ன சுருங்காது. பழைய ஜட்டிக்க எலாஸ்டிக் மாதிரி. இடுப்புல கெடக்கும், ஆனா நம்பி ஓட முடியாது.

— பொருளாளர் முன்ன இந்த உதாரணத்தச் சொல்லீராதே. ராஜையாவ அளந்தியா?

— மத்த ஒம்பதையும் அளந்தேன், எல்லாம் போச்சு. பின்ன இது மட்டும் நல்லா இருக்குமா?

— அளலே.

— அளந்தாலும்...

— மத்தவிய வேற, ராஜையா வேற. அள.

— செரி, செரி. இன்னா, நிறுத்தியாச்சு... எந்தா இது?

— என்னலே முழிக்கே?

— ஒரு நூலு நீளல்ல. அசல் புதுசுக்க ஒயரம்.

— ஸ்தோத்திரம்! நான் சொன்னேம்லா! எழுத்தும் மழுங்கல்ல, ஆளும் நீளல்ல! சஜி, நீ இதக் கண்ணால கண்ட சாட்சி. ஞாயிறாழ்ச்சை சபைக்கு வந்து ரெண்டு வார்த்த சொல்லணும். ஒனக்கு ஒரு பொன்னாடை...

— நில்லுங்க கைக்காரரே. இஞ்சினுக்குள்ள இருந்த போல்ட்டு நீளலாம், நீளாமலும் இருக்கலாம். பத்துல ஒம்பது நீண்டு, ஒண்ணு மட்டும் பொறந்த மேனிக்கு இருந்தா அது அற்புதம் இல்ல. அது வேல செய்யல்ல.

— நீ எதுக்கு இப்பிடி அவிசுவாசம் பேசுதே?

— விசுவாசத்த விடுங்க. போன தடவ பணிததுக்குப் பிறவு இந்த வண்டி தண்ணி குடிச்சிருக்குமே?

— எருமை மாதிரி குடிக்கும். பெட்ரோல் பம்புக்குப் போனதவிட பைப்புக்குப் போனதுதான் கூடுதல். அது வண்டிக்க சுபாவம்ணு நெனச்சோம்.

— இஞ்ச பாருங்க. ஹெட்டக் கமத்திப் போட்டிருக்கேன். எல்லா ஓட்டையும் சுத்தமா இருக்கு. இந்த ஒரு ஓட்டையச் சுத்தி மட்டும் கறுத்து, துருவேறி, ஆறு ஓடினது மாதிரி தடம் கெடக்கு. தண்ணி ஒழுகாம அடைச்சு நிக்க கேஸ்கெட்டு போனது இங்கயாக்கும். இது ஆருக்க எடம்?

— ...ராஜையாக்க.

— போன தடவ முறுக்கினது ஆரு?

— வேலாயுதன் மேஸ்திரி. நல்ல கையி. அண்ணைக்கு இருந்த அழகு ஒனக்குத் தெரியாதுலே. ஆராதனை முடிஞ்சு சபை முழுக்க வண்டியச் சுத்தி நின்னுது. அச்சன் ஜெபம் பண்ணினாரு. ஒவ்வொரு பேரா வாசிக்க, மேஸ்திரி ஒவ்வொண்ணா முறுக்கினாரு. கடைசியில ராஜையா. அவரு போயி அப்பம் மாசம்கூட தெகயல்ல. மேஸ்திரி சாக்கெட்ட மாட்டினதும் டீச்சர் "பதுக்க, பதுக்க"ண்ணு ஒரு வார்த்த சொன்னாவ பாரு, எல்லாருக்கும் நெஞ்சு கலங்கிப்போச்சு.

— மேஸ்திரி என்ன செஞ்சாரு?

— நல்ல மனசுள்ளவரு. சாக்கெட்ட எடுத்துட்டு, எழுத்து ஒரயாம இருக்க தோளுல கெடந்த தோர்த்த சுத்தி, ஸ்பேனரால மெல்லத் திருப்பினாரு. சபை மொத்தமும் "போதும், போதும்"ண்ணு சொல்லிச்சு. நானுந்தான். பின்ன ஒரு பாட்டு பாடி முடிச்சோம்.

— கைக்காரரே.

— என்ன மக்கா?

— இப்பம் சொன்னத நீங்களே ஒருக்க மனசுல ஓட்டிப் பாருங்க.

— சாக்கெட்ட எடுத்தாரு... தோர்த்தச் சுத்தினாரு... மெல்லத் திருப்பினாரு...

— ஓடிச்சா?

— அப்போ ராஜையாவ முறுக்கவே இல்லியா?

— தோர்த்தச் சுத்தி, பாட்டு பாடி, தலையில வச்சு விட்டிருக்கிய. எழுத்து மழுங்காததும் அதுனாலதான். மத்த ஒம்பது பேரும் சாக்கெட்டுக் கடி வாங்கி, பேரும் போயி, இழுபட்டு இழுபட்டு, இவருக்க பாரத்தையும் சேத்துச் சொமந்திருக்காவ. பாவம் பொருளாளருக்க அப்பன்.

— செரி. நடந்தது நடந்துபோச்சு. நீளல்லதானே? இந்தத் தடவ ஒனக்க டார்க் ரெஞ்சு வச்சு முறையா முறுக்கு. ராஜையா வேல செய்யட்டும்.

— நானும் அதத்தான் பாத்தேன். கழுத்தப் பாருங்க. இத்தன காலம் ஒழுகின தண்ணியில நின்னு அரிச்சுக் குழி விழுந்து கெடக்கு. ஒரு நட்டு எடுத்துக் கையால ஓட்டினா பாதி மரையில நிக்குது. இதுல பாரம் குடுத்தா முறிஞ்சு பாதி பிளாக்குக்குள்ள நிக்கும். பின்ன ராஜையாவத் தொளச்சுத்தான் எடுக்கணும்.

— நீ அந்த மாதிரி வார்த்த பேசாதே!

— பேசல்ல. போடவும் மாட்டேன்.

— ஒரு காரியம் செய்யலாம். புதுசு போடு. இதுக்க தலைய மட்டும் அறுத்து அதுக்க மேல வெல்டு பண்ணு.

— அப்போ அடுத்த தடவ அத நான் எப்பிடிக் கழத்துவேன்? முடியாது.

— மக்கா, எனக்க வாழ்க்கையாக்கும் அது.

— அது போல்ட்டாக்கும். கைக்காரரே, ஸ்கூட்டி சத்தம் கேக்குது.

— டீச்சரா? டீச்சரேதான். சஜி, நீ வாயத் தொறக்கக்கூடாது. நான் பேசிக்கிடுதேன்.

— சஜி மக்களே, வண்டி எப்பம் எறங்கும்? ஓ, கைக்காரரும் உண்டா. சட்ட புதுசோ?

— வாங்க டீச்சரே, வாங்க. அந்த எண்ணெயில மிதிச்சிராதீங்க. ஒரு சந்தோச வர்த்தமானம் உண்டு. ஒம்பது போல்ட்டு போச்சு. ராஜையா மட்டும் ஒரு நூலு நீளல்ல. அசல் புதுசு மாதிரி! அத அதே எடத்துல திரும்பப் போடணும்ணு நான் சொல்லிட்டு நிக்கேன்.

— அப்பிடியா சஜி?

— எனக்கு வாயத் தொறக்க அனுவாதம் இல்ல அக்கா. எல்லாம் கைக்காரர் சொல்லுவாரு.

— நல்லதாப்போச்சு. நான் அதத்தான் கேக்க வந்தேன். சனியாழ்ச்சை காரக்கோணத்துல பாட்டுப்போட்டி. சண்டே ஸ்கூல் பிள்ளையளக் கொண்டுபோணும். அந்த ஏத்தத்துல வண்டி நின்னா பின்னால உருளும், பிள்ளையளு அழுது கரையும். நீங்க பாத்தாச்சுண்ணா எனக்கு வேற ஆரும் சொல்லாண்டாம். பிள்ளையள தைரியமா ஏத்தலாம் இல்லியா கைக்காரரே?

— அது சஜிகிட்ட ஒருக்க...

— கைக்காரரே? உங்ககிட்டதான் கேக்கேன்.

— ஏத்தாண்டாம் டீச்சரே.

— எதுக்கு?

— ராஜையாக்க போல்ட்டு போச்சு. நீளல்லேங்கது உண்மை. ஆனா அது நீளாததுக்குக் காரணம்... சஜி, நீ சொல்லு.

— எனக்கு அனுவாதம்...

— சொல்லித் தொலைலே!

— அத முறுக்கல்ல அக்கா. அண்ணைக்கு நீங்க கரஞ்சது கண்டு மேஸ்திரி சும்மா வச்சு விட்டாரு. கேஸ்கெட்டும் அந்தப் பக்கந்தான் போச்சு. இப்பம் கழுத்தும் அரிச்சுப்போச்சு.

— டீச்சரே, தீர்மானம் எனக்கதாக்கும். சஜிய ஒண்ணும் சொல்லாண்டாம். பத்தும் புதுசு போடச் சொல்லுதேன். ராஜையாவ எடுத்துப் போட்டது கனகதாஸ்ணு கமிட்டியில எழுதிக்கிடட்டும். நான் பிள்ளையளுக்க உயிர வச்சு... எனக்கு வேற ஒண்ணும் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. நான் வாறேன்.

— நில்லுங்க. எங்க ஓடுதிய? அது முறுகல்லேண்ணு எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— மேஸ்திரி தோர்த்த சுத்தினத நான் பாத்துட்டுத்தானே நின்னேன். கண்ணுல தண்ணி நின்னா கண்ணு தெரியாதா? பின்ன, மனுசன் இருந்தப்போளும் அப்பிடித்தானே. நல்ல ஆளு. பாட்டு பாடுவாரு, மீன் வாங்கிட்டு வருவாரு, பிள்ளையளச் சிரிக்க வைப்பாரு. பாரம் மட்டும் ஏத்தக்கூடாது. ஒம்பது பேரு சேந்து பிடிக்கத பக்கத்துல நின்னு பாத்துட்டு, கடைசியில பேரும் மழுங்காம வீட்டுக்கு வருவாரு.

— அக்கா, தெரிஞ்சுட்டா ஊரு ஊராப் போயி சாட்சி சொன்னிய?

— பொய் ஒண்ணும் சொல்லல்லியே. ஒம்பது பேரு மழுங்கிச்சு, ஒண்ணு மழுங்கல்ல. கண்டதச் சொன்னேன். அது ஏன்ணு ஆரும் கேக்கல்ல.

— அது செரி. ஆனா எதுக்கு?

— நீ ஆம்பள, ஒனக்கு வெளங்காது சஜி. அவரு போயி மண்ணு காயல்ல, காரோட்டுலேருந்து ஒருத்தன் கொடையும் பிடிச்சு வந்தான். "டீச்சர் ஒத்தைக்கு எப்பிடி?"ண்ணு. பாறசாலயிலேருந்து ஒருத்தன் போட்டோவோட வந்தான், அதுல அவனுக்கு முடி உண்டு. கமிட்டியில ரெண்டு பேரு, பேரு சொல்லமாட்டேன். அங்கன்வாடிக்க நடையில வரிசையா நிப்பானுவ, பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்தவிடமாட்டானுவ. அந்தக் கன்வென்ஷன்ல எழும்பி நின்னு ஒரே ஒரு சாட்சி சொன்னேன். மறுநாளு ஒரு ஈ, காக்கா இல்ல. மாப்பிள இஞ்சினுக்குள்ள உயிரோட நிக்காருண்ணு சொல்லுதவகிட்ட எவன் வருவான்?

— சூப்பர் அக்கா! வேலிக்கு இப்பிடி ஒரு கம்பி நான் கண்டதில்ல.

— இன்னா, இப்பம் சொல்லுதேன். எடுத்துப் போடு. புதுசு போடு, நல்லா முறுக்கு. அதுல பேரும் கொத்தாண்டாம்.

— பேரு வேண்டாமா டீச்சரே? கமிட்டியில கேப்பாவ.

— இனி அந்த வேலி எனக்கு வேண்டாம்ணு சொல்லுங்க.

— அக்கா, வாயத் தொறந்தது தொறந்தாச்சு, ஒண்ணுகூடச் சொல்லுதேன். கைக்காரர் வீட்டுக்கு பெயிண்டு அடிச்சிருக்காரு.

— எலே!

— கண்டேன். அங்கன்வாடி எங்கண்ணு கேட்டு ரெண்டு தாய்மாரு பிள்ளையளோட அங்க போயி நின்னாவளாம்.

— டீச்சரே, அது வந்து... சஜி சும்மா சொல்லுதான். எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்க மனசுல ஒரு நெனப்பு இருந்தது உண்டு. ஆனா ஒவ்வொரு கன்வென்ஷன்லயும் முன்வரிசையில இருந்து அந்தச் சாட்சியக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், இனி இதக் கேக்கக்கூடாதுண்ணு மனசக் கெட்டிட்டு வீட்டுக்குப் போனேன்.

— அது வரக்கூடாதவனுவளுக்காகச் சொன்னதாக்கும் கைக்காரரே. அத நீங்க எதுக்கு நம்பினிய?